ஆண்களுக்கு வரும் ஈஸ்ட் தொற்று: கிரீமா, மாத்திரையா, கலவைக் கிரீமா, டாக்டரா?

ஆண்குறி முனையில் சிவப்பு, ஓயாத அரிப்பு, முன்தோலைப் பின்னால் தள்ளினால் உள்ளே தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைப் படிவு. இது வந்தவர்கள் நேரே யாரிடமும் கேட்பதில்லை, ராத்திரியில் தேடிப் படிக்கிறார்கள். கேட்கத் துணிந்தவர்களின் கேள்விகளும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கின்றன. கிரீம் போதுமா, மாத்திரை சாப்பிடணுமா? கடையில் கொடுத்த கிரீம் இரண்டே நாளில் கேட்டது, ஆனால் திரும்ப வந்துவிட்டது, அதையே மறுபடி போடலாமா? டாக்டரிடம் காட்டித்தான் ஆகணுமா? மனைவிக்கும் மருந்து தரணுமா?

என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை வந்திருக்கிறது, அடையாளம் தெளிவாக இருக்கிறது என்றால் ஸ்டீராய்டு கலக்காத சாதாரணப் பூஞ்சைக் கிரீமே போதும். இரண்டாவது, மூன்றாவது தடவை என்றால் கிரீமா மாத்திரையா என்ற கேள்வியையே ஓரமாக வைத்துவிட்டு, ரத்தத்தில் சர்க்கரையைப் பாருங்கள். எதற்காக இப்படிச் சொல்கிறேன், யாருக்கு இது பொருந்தாது என்பதுதான் மீதிக் கட்டுரை.

## மருந்துக்கு முன்னால்: இது ஈஸ்ட்தானா?

கேண்டிடா என்ற ஈஸ்ட் (ஒரு வகைப் பூஞ்சை), அதிலும் பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸ், நம் உடம்பில் சும்மாவே குடியிருப்பதுதான். ஈரமும் சூடும் கிடைத்தால் பெருகும், சர்க்கரையும் சேர்ந்தால் இன்னும் அதிகமாகப் பெருகும். முன்தோலுக்கு அடியில் ஈரமும் சூடும் தங்குவதால், முன்தோல் நீக்கப்படாதவர்களுக்கே இது அதிகம் வருகிறது. நீக்கியவர்களுக்கு வரவே வராது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், குறைவாக வரும், அவ்வளவுதான்.

வழக்கமான அடையாளங்கள்: மொட்டிலும் (ஆண்குறியின் முனை) முன்தோலின் உள்பக்கத்திலும் சிவப்பு, பளபளப்பான தோல், குட்டிக் குட்டிச் சிவப்புப் புள்ளிகள், துடைத்தால் வரும் வெள்ளைப் படிவு, அரிப்பு, சிறுநீர் பட்டால் சுரீர் என்ற எரிச்சல். சிலருக்கு முன்தோலின் விளிம்பில் மெல்லிய வெடிப்புகள் விழும், தோலைப் பின்னால் தள்ளுவதே வலிக்கும்.

ஆனால் சிவந்து அரிப்பதெல்லாம் ஈஸ்ட் ஆகிவிடாது. வலியில்லாத ஒற்றைப் புண் இருந்தால் சிஃபிலிஸ் இல்லையென்று உறுதிப்படுத்த ரத்தப் பரிசோதனை வேண்டும். கொத்தாகக் கொப்புளம் வந்து, உடைந்து, வலித்தால் ஹெர்பிஸாக இருக்கலாம். சிறுநீர்த் துவாரத்திலிருந்து சீழ் வந்தால் அது வேறு கதை, பூஞ்சைக் கிரீமுக்கு அங்கே வேலையே இல்லை. தோல் வெளுத்து, மெலிந்து, முன்தோல் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே போனால் லைக்கன் ஸ்க்ளீரோசஸ் என்ற நாள்பட்ட தோல் நோயாக இருக்கலாம். தொடை இடுக்கில் வளையம் வளையமாக, ஓரம் தடித்துப் பரவுவது படர்தாமரை, அது பெரும்பாலும் ஆண்குறியையும் விரைப்பையையும் விட்டுவிட்டுத் தொடைப் பக்கம்தான் போகும்.

எல்லாவற்றையும் விட அதிகம் ஏமாற்றுவது சோப்பு. அரிக்கிறது, சுத்தம் போதவில்லை போல என்று நினைத்து ஒரு நாளைக்கு மூன்று தடவை சோப்பும் கிருமிநாசினித் திரவமும் போட்டுத் தேய்ப்பவர்கள் ஏராளம். அந்தத் தோல் மெல்லியது. தேய்க்கத் தேய்க்கச் சிவக்கும், சிவந்ததும் இன்னும் தேய்ப்பார்கள். இவர்களுக்குத் தேவை மருந்தே இல்லை, சோப்பை நிறுத்துவதுதான். ஆணுறை ரப்பர், வாசனைத் துடைப்பான், புதிய சலவைத்தூள் எல்லாமே இதே வேலையைச் செய்யக்கூடியவை.

## எதை வைத்து எடைபோடுவது?

எவ்வளவு சீக்கிரம் கேட்கும் என்பதை மட்டும் பார்த்துத்தான் பெரும்பாலோர் முடிவெடுக்கிறார்கள். நான் வேறு நாலு விஷயங்களையும் சேர்ப்பேன். என் கணிப்பு தப்பாக இருந்து, இது ஈஸ்ட்டே இல்லை என்றால் இந்த மருந்து எவ்வளவு கெடுதல் செய்யும்? ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளோடு மோதுமா? சொன்ன நாள் முழுக்க ஒழுங்காகப் போட முடியுமா? கடைசியாக, இது மூல காரணத்தைத் தொடுகிறதா, இல்லை மேலே தெரிவதை மட்டும் அடக்குகிறதா? இதில் முதல் கேள்விதான் ரொம்ப முக்கியம், ஏனென்றால் கண்ணாடியில் பார்த்து நாமே கண்டுபிடிக்கும் நோய் பல தடவை தப்பாகத்தான் இருக்கும்.

## மருந்தே இல்லாமல், கழுவிப் பொறுத்திருப்பது

லேசான சிவப்பு, படிவு இல்லை, சோப்பு மாற்றியது நினைவுக்கு வருகிறது என்றால் இரண்டு மூன்று நாள் இதை முயன்று பார்க்கலாம். வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் கழுவுவது, ஒத்தி எடுப்பது, ஈரம் காய்ந்த பிறகு முன்தோலை முன்னால் இழுத்துவிடுவது, தளர்வான பருத்தி உள்ளாடை. தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டுக்கொள்ளலாம், நீர்க்க இருக்கட்டும், கரிக்கிற அளவுக்கு வேண்டாம்.

செலவில்லை, கெடுதலில்லை, எந்த மருந்தோடும் மோதாது. ஆனால் படிவும் புள்ளிகளுமாக வந்துவிட்ட ஈஸ்ட் பல சமயம் இதற்கு மட்டும் அடங்காது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இப்படிப் பொறுத்திருக்க வேண்டாம். இன்னொன்று, எந்த மருந்தைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தக் கழுவும் முறை கூடவே இருக்கணும்.

## சாதாரணப் பூஞ்சைக் கிரீம்

குளோட்ரிமசோல் 1 சதவீதம், அல்லது மைக்கோனசோல் 2 சதவீதம். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒன்று முதல் இரண்டு வாரம். பல நாடுகளில் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கும்.

போடும் விதத்தில்தான் பாதிப் பலன் இருக்கிறது. முன்தோலை வலிக்காத அளவுக்குப் பின்னால் தள்ளி, தண்ணீரில் கழுவி, நன்றாக ஒத்தி உலர்த்தி, மொட்டின் கழுத்துப் பள்ளம் முழுக்கவும் முன்தோலின் உள்பக்கத்திலும் மெல்லிசாகத் தடவி, பிறகு தோலை மறக்காமல் முன்னால் கொண்டுவரணும். பின்னாலேயே விட்டுவிட்டால் அங்கேயே இறுகி, மொட்டு வீங்கி, தோலை முன்னால் இழுக்க முடியாமல் போய்விடலாம். அப்படி ஆனால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்குப் போகணும். நிறைய பேர் மேலே தெரியும் சிவப்பில் மட்டும் ஒரு பொட்டுத் தடவிவிட்டு, கிரீம் வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

கணிப்பு தப்பானால் கெடுதல் மிகக் குறைவு என்பதால்தான் என் முதல் ஓட்டு இதற்கு. மருந்து ரத்தத்துக்குள் போவது சொற்பம். ஒரு விலக்கு உண்டு: ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மைக்கோனசோல் வாங்குமுன் மருந்தாளரிடம் சொல்லிவிடுங்கள், மற்றவர்கள் அவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை.

மறைந்திருக்கும் செலவுகள் உண்டு. இந்தக் கிரீம்கள் லேட்டக்ஸ் ஆணுறையைப் பலவீனப்படுத்தலாம், அது கிரீம் பெட்டியிலேயே பொடி எழுத்தில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. சிலருக்கு மருந்தை விட கிரீமின் அடிப்பொருளே ஒத்துக்கொள்ளாது. தடவியதும் ஒரு நிமிடம் லேசாக எரிந்து அடங்கினால் சரி, ஒவ்வொரு தடவையும் எரிச்சல் கூடிக்கொண்டே போனால் நிறுத்திவிடுங்கள். அப்புறம் மூன்றாம் நாளே அரிப்பு நின்றுவிடும், டியூப் அலமாரிக்குப் போய்விடும், அடுத்த மாதம் மறுபடி ஆரம்பிக்கும். அரிப்பு நின்ற பிறகும் சொன்ன நாள் வரை போடணும்.

## ஒரே மாத்திரை

ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம், ஒரே வேளை. ஒன்று போதுமா என்று சந்தேகப்பட வேண்டாம். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 30 மணி நேரம் ஆகும், அதனால் ஒரு மாத்திரையே பல நாள் வேலை செய்யும். ஒரே மாத்திரையையும் ஏழு நாள் குளோட்ரிமசோல் கிரீமையும் ஆண்களிடம் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 1990களிலேயே வந்திருக்கிறது, பலன் இரண்டுக்கும் ஏறத்தாழ சமம்தான். ஆக, மாத்திரை என்றால் 'பவர்' அதிகம் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். வித்தியாசம் வசதியில்தான்.

அந்த வசதிக்கு விலை இருக்கிறது, குறிப்பாக வேறு மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கு. வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ரத்தக் கசிவு அபாயம் கூடலாம். சர்க்கரைக்குக் கிளிமெப்பிரைடு, கிளிபிசைடு மாதிரி மாத்திரை சாப்பிடுபவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கலாம். சிம்வாஸ்டாட்டின் மாதிரி சில கொழுப்பு மாத்திரைகளோடும், இதயத் துடிப்பின் தாளத்தை மாற்றக்கூடிய மருந்துகளோடும் ஒத்துப்போகாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் தொடவே வேண்டாம். இந்தத் தொற்று அடிக்கடி வருவது சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, அவர்களில் பலர் கிளிமெப்பிரைடு மாதிரி மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள். மாத்திரையை அதிகம் தேடுபவரும் அதில் அதிகம் மாட்டக்கூடியவரும் பல சமயம் ஒரே ஆள் என்றுதான் சொல்லணும்.

யாருக்கு இது நல்ல தேர்வு? வீக்கமும் வலியும் அதிகமாகி முன்தோலைத் தள்ளவே முடியாதவருக்கு, கிரீமின் அடிப்பொருள் ஒத்துக்கொள்ளாதவருக்கு, பயணத்திலோ கூட்டு அறையிலோ இருந்துகொண்டு இரண்டு வேளை கிரீம் போட வழியில்லாதவருக்கு. வேறு மருந்து எதுவும் சாப்பிடாதவராக இருந்தால் யோசிக்காமல் இதைக் கேட்கலாம். ஒன்று கேட்கவில்லை என்று தானாக இரண்டு, மூன்று என்று விழுங்குவதுதான் தப்பு. கேண்டிடாவிலேயே கிளாப்ராட்டா, குருசெய் போன்ற வகைகள் ஃப்ளூகோனசோலுக்குச் சரியாக மசியாது, அதைப் பரிசோதனையில்தான் கண்டுபிடிக்க முடியும்.

## கலவைக் கிரீம்: உடனே கேட்கும், அதுதான் சிக்கல்

கடையில் போய்க் குரலைத் தாழ்த்தி, "அந்த இடத்துல அரிப்பு" என்று சொன்னதும் கைக்கு வருவது பெரும்பாலும் இந்த ரகம்தான். டியூபின் பின்பக்கம் ஒரு தடவை படித்துப் பாருங்கள். குளோட்ரிமசோல், பக்கத்திலேயே பீட்டாமெத்தசோன் அல்லது குளோபெட்டசால், அதற்கும் பக்கத்தில் ஒரு ஆன்டிபயாடிக். எது இருந்தாலும் ஏதாவது ஒன்று வேலை செய்துவிடும் என்ற கணக்கு.

பீட்டாமெத்தசோனும் குளோபெட்டசாலும் வீரியமுள்ள ஸ்டீராய்டுகள். ஒரே நாளில் சிவப்பு இறங்கும், அரிப்பு நிற்கும், "அருமையான மருந்து" என்று நண்பனுக்கும் சொல்வோம். உண்மையில் நின்றது தோலின் எதிர்ப்புதான். பூஞ்சைக்கு அதனால் கொண்டாட்டம், சத்தமில்லாமல் பரவும். நிறுத்திய சில நாளில் முன்னைவிட வேகமாகத் திரும்பும், மறுபடி அதே டியூப். மாதக்கணக்கில் இப்படிப் போனால் தோல் மெலிந்து, வரி வரியாகக் கோடு விழுந்து, ரத்தக் குழாய்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கும். விழுந்த வரி அழிவதில்லை. இத்தனைக்கும் மேலே, உருவமே மாறிப்போய்விடுவதால் பிறகு பார்க்கும் தோல் டாக்டருக்கும் அது என்னவென்று பிரித்துச் சொல்வது கஷ்டமாகிவிடும். கணிப்பு தப்பி அது ஹெர்பிஸாக இருந்தால் ஸ்டீராய்டு அதையும் மோசமாக்கும்.

ஸ்டீராய்டே ஆகாது என்று சொல்லவரவில்லை. வீக்கமும் எரிச்சலும் தாங்க முடியாதபோது பூஞ்சைக் கிரீமோடு 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோனைச் சில நாள் சேர்ப்பது வழக்கமான மருத்துவம்தான். அது வீரியம் குறைந்தது, நாள் எண்ணிக் கொடுப்பது, ஈஸ்ட்தான் என்று பார்த்து உறுதிசெய்த பிறகு கொடுப்பது. லைக்கன் ஸ்க்ளீரோசஸுக்குக் குளோபெட்டசாலே முதல் மருந்து. அதையும் டாக்டர் எழுதிக் கொடுத்துப் போடணும், கடையில் நாமே எடுப்பது வேறு.

## வீட்டு வைத்தியம்

சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பூண்டை அரைத்துப் பூசுவது தோலைச் சுட்டுவிடும், புண்ணோடு டாக்டரிடம் போக நேரிடும். டீ ட்ரீ எண்ணெய், வினிகர் இரண்டும் இந்த இடத்துக்கு எரிச்சல்தான். தேங்காய் எண்ணெயும் தயிரும் பெரிதாகக் கெடுக்காது, குணமாக்கும் என்று நம்பவும் வழியில்லை. எண்ணெய் எதுவானாலும் லேட்டக்ஸ் ஆணுறைக்கு ஆகாது.

## டாக்டரும் பரிசோதனையும்

கூச்சம்தான் இதில் பெரிய செலவு. மற்றபடி ஐந்து நிமிட வேலை. பார்த்தாலே பாதி தெரிந்துவிடும், சந்தேகமிருந்தால் பஞ்சுக் குச்சியில் ஒற்றி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள் அல்லது வளர்த்துப் பார்ப்பார்கள். நாலு நாளாகக் கிரீம் போட்டுவிட்டுப் போனால் அந்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் போகலாம், அதனால் போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள், டியூபையும் கையோடு கொண்டுபோங்கள். இன்னொரு பக்கம், ஆரோக்கியமான தோலிலும் கேண்டிடா இருக்கும் என்பதால், ஒரு அறிகுறியும் இல்லாதவர் முடிவுத்தாளில் கேண்டிடா என்று பார்த்துப் பதற வேண்டியதில்லை.

திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு ஆண்குறியை விட ரத்தத்தைச் சோதிப்பதில்தான் பலன் அதிகம். சர்க்கரை நோய் இருப்பதே தெரியாமல் இந்த அரிப்பை வைத்துக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் உண்டு. வெறும் வயிற்றில் 126 மி.கி./டெ.லி. அல்லது அதற்கு மேல், எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய், இன்னொரு பரிசோதனையில் உறுதிசெய்வார்கள். சர்க்கரை ஏறியே இருக்கும்போது எந்தக் கிரீமும் தற்காலிகம்தான்.

ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா? பெயரைப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கனாகிளிஃப்ளோசின் என்று 'கிளிஃப்ளோசின்' என முடிகிற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுபவை. போன பிறகு முன்தோலுக்கு அடியில் தங்கும் ஒன்றிரண்டு சொட்டுச் சிறுநீரே ஈஸ்ட்டுக்குத் தீனி. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மருந்து என்பதால் அரிப்புக்குப் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீர் கழித்த பிறகு கழுவி உலர்த்தும் பழக்கம் சேர்ந்தாலே பலருக்குக் குறைகிறது. இந்த மருந்து சாப்பிடுபவர்களுக்குக் காய்ச்சலோடு, பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே கடும் வலியும் வீக்கமும் வந்தால் அது சாதாரண ஈஸ்ட் இல்லை. அரிதாக வரும், உயிரைப் பறிக்கக்கூடிய அழுகல் தொற்று அது, 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இதற்கு எச்சரிக்கை கொடுத்தது. நேராக அவசரப் பிரிவு.

நேரே டாக்டரிடம் போக வேண்டிய மற்றவர்கள்: முதல் தடவை வந்து என்னவென்றே புரியாதவர்கள், இரண்டு வாரம் ஒழுங்காகக் கிரீம் போட்டும் அடங்காதவர்கள், புண்ணோ சீழோ இருப்பவர்கள், உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், புதிய துணையோடு பாதுகாப்பில்லாமல் உறவு கொண்டவர்கள். வாரக்கணக்கில் மாறாமல் ஒரே இடத்தில் நிற்கும் சிவப்புத் திட்டையும் காட்டித்தான் ஆகணும், அரிதாக அது புற்றுநோயின் ஆரம்பமாக இருக்கும், சின்னத் துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

சர்க்கரை சரியாக இருந்தும் வந்துகொண்டே இருக்கிறது, முன்தோலும் இறுகிக்கொண்டே போகிறது என்றால் முன்தோல் நீக்க அறுவை பற்றிப் பேசலாம். பலருக்கு அத்தோடு தொல்லை தீர்ந்துவிடுகிறது. முதல் தடவை வந்ததற்கே அதை யோசிப்பது அவசரம்.

## ஒரே பார்வையில்

| வழி | நல்லது யாருக்கு | கணிப்பு தப்பினால் | மறைந்த செலவு |
|---|---|---|---|
| வெறும் கழுவல் | லேசான சிவப்பு, சோப்பு ஒவ்வாமை | கெடுதலில்லை, தாமதம்தான் | உண்மையான ஈஸ்ட் முற்றலாம் |
| சாதாரணக் கிரீம் | முதல் தடவை, தெளிவான அடையாளம் | கெடுதல் மிகக் குறைவு | ஆணுறை பலவீனம், பாதியில் நிறுத்தும் ஆசை |
| ஒரே மாத்திரை | கிரீம் போட முடியாதவர், வேறு மருந்து சாப்பிடாதவர் | பயனில்லாமல் ஒரு மருந்து உள்ளே போகும் | மற்ற மாத்திரைகளோடு மோதல் |
| வீரிய ஸ்டீராய்டு கலவை | டாக்டர் பார்த்து எழுதியவருக்கு மட்டும் | நோயையே மறைத்துப் பரப்பும் | தோல் மெலிதல், அழியாத வரிகள் |
| டாக்டர், பரிசோதனை | திரும்ப வருபவர், சர்க்கரை உள்ளவர், புண் உள்ளவர் | கணிப்பே திருத்தப்படும் | கூச்சம், நேரம், பணம் |

## துணைக்கும் மருந்து தரணுமா?

இதைப் பால்வினை நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆகவே வீட்டில் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டியதில்லை. துணைக்கு அரிப்போ வெள்ளைப்படுதலோ இல்லையென்றால் அவருக்கு மருந்து தேவையில்லை. இருக்கிறது என்றால் இருவரும் ஒரே சமயத்தில் சிகிச்சை எடுப்பது நல்லது. உங்களுக்கு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது, உறவு முடிந்த சில மணி நேரத்துக்குள் சிவந்து அரிக்கிறது என்றாலும் அவரும் ஒரு தடவை சோதித்துக்கொள்ளட்டும். எல்லாம் அடங்கும் வரை உறவைத் தள்ளிவைப்பது தொற்றுக்காக என்பதை விட உராய்வுக்காக, வெடித்த தோல் ஆற நேரம் வேண்டும்.

அவர் கர்ப்பமாக இருந்தால் உங்களுக்குக் கொடுத்த ஃப்ளூகோனசோலில் ஒன்றை அவருக்கும் கொடுத்துவிடாதீர்கள். கர்ப்ப காலத்தில் பொதுவாக உள்ளே வைக்கும் மருந்தோ கிரீமோதான் தருவார்கள், அதையும் அவருடைய டாக்டரே எழுதட்டும்.